திரும்பி வரும் ஒலி

சந்தைக்கு மண்பானை வாங்கச் செல்லும் நம் தாய்மார் விலையைக் கேட்பதற்கு முன் ஒரு காரியம் செய்வர். பானையை ஒரு கையில் ஏந்தி, மறு கையின் விரற்கணுவால் அதன் வயிற்றில் மெல்லத் தட்டுவர். 'ணங்' என்று ஒலி எழுந்தாற் பானை நல்லது. மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் உண்டென்று கீழே வைத்துவிடுவர். கண் காணாத வெடிப்பைக் காது கண்டுகொள்கிறது.

இந்தச் சிறு வழக்கம் வைத்திய உலகிலும் ஒரு பெரும் முறையாக வளர்ந்திருக்கின்றது. ஒஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரத்திலே விடுதி நடத்திய ஒருவரின் மகன் லியோப்போல்ட் அவுன்புறுக்கர். மதுப் பீப்பாய்களைத் தட்டி, உள்ளே எவ்வளவு மது எஞ்சியிருக்கின்றது என்று அறிவதை அவர் இளமையிற் கண்டவர் என்பர். வைத்தியரான பின்பு நோயாளரின் மார்பைத் தட்டி, உள்ளே நீர் கட்டியிருப்பதை அறியும் முறையை வகுத்து 1761ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இன்றும் வைத்தியர் நம் முதுகில் விரலை வைத்துத் தட்டுவது அவர் காட்டிய வழியேயாம்.

பானையையும் மார்பையும் தட்டிக் காதினால் அறிந்தோம். அந்தக் காதையே தட்டிப் பார்க்கவேண்டுமாயின் என் செய்வது? விரல் அங்கே நுழையாது. ஒலியையே விரலாகக் கொள்ளவேண்டும். இதனை இவ்வாரம் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணமும் உண்டு.

சில மாதங்களுக்கு முன்னர் நம்மிடம் முன்பு கல்வி பயின்ற ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தந்தை. கையிலே மடித்த கடதாசித் துண்டு ஒன்று இருந்தது. முகத்திலே வாட்டம் தெரிந்தது.

"மாஸ்ரர், பையன் வகுப்பிலே பராக்குப் பார்க்கிறான் என்று ஆசிரியை இரண்டு முறை எழுதி அனுப்பினார். வீட்டிலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் கூட்டிக் கூட்டி வைப்பான். செருக்கு என்று எண்ணி ஒரு நாள் அடித்தும்விட்டேன். பின்பு வைத்தியரிடம் காட்டினோம். காதிலே ஒரு கருவியை வைத்து இந்தப் படத்தை எடுத்துத் தந்தார்கள். மலை போலக் கோடு எழவேண்டுமாம், இவனுக்கு எழவில்லையாம். நீங்கள் பௌதிகம் படிப்பித்தவர். இந்தக் கோட்டுக்கு என்ன பொருள்?"

கடதாசியைப் பார்த்தோம். கோடு வயல்வெளி போலத் தட்டையாகக் கிடந்தது. அவருக்குச் சொன்னவற்றையும், அன்று நேரமின்மையாற் சொல்லாது விட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகின்றோம்.

முதலிற் காதின் அமைப்பைச் சற்று நினைவுகூர்வோம். வெளியே தெரியும் மடல் ஒரு வாயில்; அதிலிருந்து ஏறக்குறைய இரண்டரைச் சென்றிமீற்றர் நீளமான ஒரு குழாய் உள்ளே செல்கின்றது. குழாயின் முடிவிலே மெல்லிய தோலாகச் செவிப்பறை விரிந்துள்ளது. அதற்கு அப்பால் காற்று நிறைந்த சிறு அறை ஒன்று உண்டு, அதுவே நடுச்செவி. அவ்வறையின் குறுக்கே மூன்று சிற்றென்புகள் பாலமாக அமைந்துள்ளன. முதலாவது சம்மட்டி போன்றது. இரண்டாவது பட்டடை போன்றது. மூன்றாவது குதிரைச் சேணத்தின் அங்கவடி போன்றது. இம்மூன்றாவது என்பு ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் உயரமே உடையது. நம் உடலிலுள்ள என்புகளுள் இதுவே மிகச் சிறியது. அதற்கும் அப்பால், நத்தை ஓடு போலச் சுருண்டு நீர் நிறைந்து கிடப்பது உட்செவி. கேட்கும் நரம்பு தொடங்குவது அங்கேதான்.

இத்துணைச் சிக்கலான பாலம் எதற்கு? காற்றிலே வரும் ஒலி நேரே நீரிற் புகுந்தால் ஆகாதோ என்று மாணவர் கேட்கலாம். கேணியில் மூழ்கி நீந்தியவர்களுக்கு விடை தெரியும். கரையில் நின்று தோழன் எவ்வளவு கத்தினாலும் நீருக்குள் அது பெரிதாகக் கேட்பதில்லை. காற்றில் வரும் ஒலி நீரின் மேற்பரப்பை நேரே சந்திக்கும்போது ஆயிரம் பங்கில் ஒரு பங்கே உள்ளே நுழைகின்றது; ஏனைய 999 பங்கும் தெறித்துத் திரும்பிவிடுகின்றன. இந்நட்டத்தைத் தடுக்கவே நடுச்செவி அமைந்தது. அதிரும் செவிப்பறையின் பரப்பு ஏறக்குறைய 55 சதுர மில்லிமீற்றர். அங்கவடி என்பின் அடித்தட்டோ 3 சதுர மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடியது. பரந்த இடத்தில் விழுந்த விசை ஒடுங்கிய இடத்திற் குவிவதால் அமுக்கம் ஏறக்குறைய 17 மடங்காகின்றது. சிற்றென்புகள் நெம்புகோலாகத் தொழிற்பட்டு அதனை மேலும் 1.3 மடங்காக்குகின்றன. ஆக, 22 மடங்கு. கூரான ஆணி பலகையில் இறங்குவதும் மழுங்கிய ஆணி இறங்காததும் இதே கணக்கினால்தான்.

இப்பாலம் நன்கு இயங்க ஒரு நிபந்தனை உண்டு. நடுச்செவியின் காற்றும் வெளிக்காற்றும் ஒரே அமுக்கத்தில் இருத்தல் வேண்டும். அதற்காக அவ்வறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் செல்கின்றது. ஊத்தேக்கியாவின் குழாய் என்று அதற்குப் பெயர். மலைப்பாதையில் வண்டி ஏறும்போது காது அடைப்பதும், எச்சிலை விழுங்கியதும் 'டக்' என்று திறப்பதும் இக்குழாயின் வேலை. சிறுவர்களிடத்தில் இது குறுகியதாயும், பெரியோரிலும் பார்க்கக் கிடையாகவும் இருக்கின்றது. தடிமனாலோ மூக்கின் பின்னுள்ள சதை வீங்குவதாலோ குழாய் அடைபடுமாயின், உள்ளிருந்த காற்றை அறையின் சுவர் மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும். காற்றுக் குறைந்த இடத்தில் நீர் ஊறும். நாளடைவில் அது பசை போலத் தடித்தும்விடும். நோவில்லை, காய்ச்சலில்லை, காதிலிருந்து எதுவும் ஒழுகுவதுமில்லை. ஆயின் பிள்ளை, இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு வகுப்பில் இருப்பதற்கு ஒப்பாக இருக்கின்றது. நம் நண்பரின் மகனுக்கு நேர்ந்தது இதுவே.

இதனை அந்தத் தட்டைக் கோடு எவ்வாறு கூறிற்று? காதுக் குழாயை மென்மையான ஒரு முனையினால் காற்றுப் புகாதபடி அடைத்து, 226 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒலி ஒன்றை உள்ளே விடுவர். பெண்ணொருத்தி இயல்பாகப் பேசும் சுருதியளவினது அது. அதே வேளையிற் குழாயினுள்ளே காற்றின் அமுக்கத்தை ஏற்றியும் இறக்கியும் பார்ப்பர். நலமான செவிப்பறை, இருபுறமும் அமுக்கம் ஒத்திருக்கும்போது நன்றாக அசைந்து ஒலியை ஏற்கும். அமுக்கம் மிகுந்தாலோ குறைந்தாலோ விறைத்து நிற்கும். ஆதலால் வரைபடத்தில் நடுவே ஒரு மலை எழும். பறையின் பின்னே நீர் நிறைந்திருந்தால் எந்த அமுக்கத்திலும் அது அசையாது, மலையும் எழாது. டென்மார்க்கு நாட்டில் 1946ஆம் ஆண்டில் ஒட்டோ மெற்ஸ் என்பார் நலமான காதுகளையும் நோயுற்ற காதுகளையும் ஒலியினால் அளந்து பெரும் ஆய்வொன்றை வெளியிட்டார். அதே நாட்டினரான தேர்க்கில்சன், தொம்சன் என்னும் இருவர் 1959இல் அமுக்கத்தை மாற்றி அளக்கும் இம்முறையைத் தந்தனர். அன்று தொட்டு இன்றுவரை காது வைத்தியத்தில் இது நாளாந்தக் கருவியாக விளங்குகின்றது.

நிற்க. இம்முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது ஒரே ஒரு தாழ்ந்த சுருதியைக் கொண்டே வினவுகின்றது. நாம் பேசும் மொழியோ அதனிலும் மிக உயர்ந்த சுருதிகளையும் உடையது. 'பாடம்', 'பாசம்' என்னும் இரு சொற்களைப் பிரித்தறியச் செய்யும் மெல்லொலிகள் ஆயிரக்கணக்கான ஹேர்ட்ஸ் அளவிலே உள்ளன. வீணையின் ஒரு தந்தியை மட்டும் மீட்டிப் பார்த்து முழு வீணையும் நன்றென்று கூறலாமா? மற்றொன்று, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடத்தில் இத்தாழ்ந்த சுருதி நம்பத்தக்க விடை தருவதில்லை. அவர்களுடைய காதுக் குழாயின் சுவர் இன்னும் இளகியதாகையால், பறையோடு சேர்ந்து சுவரும் அசைந்து கணக்கைக் குழப்பிவிடும். நீர் நிறைந்த காதிலும் மலை எழுந்ததாகத் தோன்றலாம். 1000 ஹேர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்தி அக்குழப்பத்தை ஓரளவு நீக்குகின்றனர். அதுவும் ஒரே சுருதிதான்.

அவ்வாறாயின் எல்லாச் சுருதிகளையும் கொண்டு அளந்தால் என்ன? அங்கேதான் ஒரு தடை குறுக்கிட்டது. உயர்ந்த சுருதியில் உள்ளே செல்லும் அலையும் பறையில் தெறித்துத் திரும்பும் அலையும் குழாயினுள்ளே கலந்து, சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தும்; சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். 4000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய எட்டரைச் சென்றிமீற்றர். அதன் காற்பங்காகிய இரண்டு சென்றிமீற்றர் தூரத்திலே அமுக்கம் மிகத் தாழ்ந்திருக்கும். கருவியின் முனை அமரும் இடமும் ஏறத்தாழ அதுவேயாகலாம்! முனையைச் சிறிது உள்ளே தள்ளினால் ஓர் எண். சிறிது வெளியே இழுத்தால் வேறோர் எண். அமுக்கத்தை மட்டும் அளப்பவர் எதை நம்புவர்?

இதற்குக் கிடைத்த விடைதான் ஒலியின் வலுவை அளத்தல். ஒரு செக்கனில் ஒலி கொண்டுசெல்லும் சக்தியின் அளவே அதன் வலு. அஃது எவ்வளவு நுண்ணியது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சாதாரண உரையாடல் ஒரு காதுக் குழாயினுள்ளே கொண்டுசெல்லும் வலு, 60 உவாற்று மின்குமிழ் ஒன்றின் வலுவில் இலட்சம் கோடியில் ஒரு பங்கும் தேறாது. இத்துணைச் சிறிய தொகையிலும் எவ்வளவு உட்சென்றது, எவ்வளவு திரும்பிற்று என்று இன்றைய கருவிகள் கணக்கிடுகின்றன.

அமுக்கத்தில் இல்லாத என்ன சிறப்பு வலுவில் உண்டு? ஓர் உவமை கூறுவோம். தோட்டத்திலிருந்து வண்டியில் நூறு தேங்காய் கடைக்குச் செல்கின்றது. கடைக்காரர் தமக்கு வேண்டியதை இறக்கிக்கொண்டு மீதியைத் திருப்பியனுப்புகின்றார். வழியிலே நிற்கும் நாம், போகும்போது நூறும் வரும்போது நாற்பதும் எண்ணினால், கடையில் அறுபது தங்கியது என்று கூறிவிடலாம். நாம் முதல் மூலையில் நின்றாலும் சரி, கடை வாசலில் நின்றாலும் சரி, விடை மாறாது. வழியிலே தேங்காய் களவு போகாதிருந்தாற் போதும். காதுக் குழாயின் சுவர் ஒலியை மிகச் சிறிதளவே உண்கின்றது. ஆதலின் உட்சென்ற வலுவுக்கும் திரும்பிய வலுவுக்கும் உள்ள விகிதம், கருவியின் முனை எங்கே அமர்ந்தாலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். திரும்பிய பங்கைத் தெறிப்பு என்றும், உள்ளே தங்கிய பங்கை உறிஞ்சல் என்றும் கூறுவர். இரண்டையும் கூட்டினால் எப்போதும் நூறு.

டக்ளஸ் கீஃப் என்பாரும் அவருடைய துணைவர்களும் குழந்தைகளிடத்திலும் வளர்ந்தோரிடத்திலும் இவ்வாறு அளந்து 1993இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் சூசன் வொஸ், ஜொந்த் அலன் ஆகிய இருவரும் வளர்ந்தோரின் காதுகளை அளந்து காட்டினர். 2012ஆம் ஆண்டில் இத்துறை ஆய்வாளர் பலர் டென்மார்க்கிலுள்ள எரிக்ஸ்ஹோல்மிலே கூடி, அளவைகளுக்குரிய பெயர்களையும் முறைகளையும் ஒருமுகப்படுத்தினர். மெற்ஸ் தொடங்கிய வேலை மீண்டும் அவர் நாட்டுக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

பரிசோதனை மிக எளியது. முதலிற் கருவியின் முனையை அளவு தெரிந்த சிறு குழாய்களிற் பொருத்தி அதனைச் செப்பஞ் செய்துகொள்வர். பின்பு காதிற் பொருத்தி, குருவி கீச்சிடுவது போன்ற ஓர் ஒலியை விடுவர். ஏறக்குறைய 200 ஹேர்ட்ஸ் முதல் 8000 ஹேர்ட்ஸ் வரையுள்ள சுருதிகள் யாவும் அக்கீச்சில் அடங்கும். சில செக்கனில் வேலை முடிந்துவிடும். காதினுள்ளே காற்றை அமுக்கவேண்டிய கட்டாயமுமில்லை. உறங்கும் குழந்தையை எழுப்பாமலே செய்யலாம்.

வரும் படத்தை வாசிப்பதும் கடினமன்று. நலமான காதிலே தாழ்ந்த சுருதிகளின் பெரும்பகுதி திரும்பிவிடும். பறையும் தசைநார்களும் அறையிலுள்ள காற்றும் விறைத்து எதிர்ப்பதே காரணம். 1000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரை பாதிக்கு மேற்பட்ட வலு உள்ளே செல்லும். பேச்சை விளங்குவதற்கு மிக வேண்டப்படும் இடமும் அதுவே. அதற்கு மேலே மறுபடியும் தெறிப்புக் கூடும். நடுச்செவியில் நீர் நிறைந்தால் ஏறக்குறைய எல்லாச் சுருதிகளும் திரும்பி வரும். நீர் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு உறிஞ்சல் குறையும். பறையில் ஓட்டை இருந்தால் தாழ்ந்த சுருதிகள் வழக்கத்துக்கு மாறாக உள்ளே போய்விடும். அங்கவடி என்பு இறுகிப் போகும் நோயில் தாழ்ந்த சுருதிகளின் தெறிப்புக் கூடும். சிற்றென்புகளின் இணைப்பு அறுந்திருந்தாலோ, ஆயிரம் ஹேர்ட்ஸுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் தெறிப்புப் பள்ளமாக விழும். இவ்விரு நோய்களிலும் வெளியிலிருந்து பார்க்கும் வைத்தியருக்குப் பறை நலமாகவே தோன்றும். கேள்விக் குறைவும் ஒரே வகையினதாக இருக்கும். திரும்பி வரும் ஒலிதான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கத் துணைசெய்கின்றது.

இம்முறையினால் மிகுந்த பயன் பெறுவோர் வாய் பேச அறியாத பச்சிளங் குழந்தைகள். உட்செவி தானே நுண்ணிய ஒலியை எழுப்புகின்றது என்பதை டேவிட் கெம்ப் என்பார் 1978இல் கண்டறிந்தார். அவ்வொலியைப் பிடித்தே இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தைகளின் கேள்வியைச் சோதிக்கின்றனர். ஆயின் அவ்வொலி வெளியே வரவேண்டுமாயின் நடுச்செவியைக் கடந்தே வரவேண்டும். பிறந்த முதல் ஓரிரு நாள்களில் பல குழந்தைகளின் நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கும்; அது தானே வற்றிவிடும். அந்நாளிற் சோதித்தால் விடை வராது. "உங்கள் குழந்தை சோதனையில் தேறவில்லை" என்று கேட்கும் தாயின் நெஞ்சம் என்ன பாடுபடும்! அவ்வேளையில் ஒலியின் வலுவையும் அளந்து, சிறப்பாக 2000 ஹேர்ட்ஸ் அளவிலே தெறிப்பு மிகுந்திருப்பதைக் கண்டால், தடை நடுச்செவியில் இருக்கக்கூடும் என்று கருதிச் சில நாள் கழித்து மறுபடி சோதிக்கலாம். நடுச்செவி நலமாயிருந்தும் விடை வராவிடின், காலந் தாழ்த்தாது மேற்சோதனைக்கு அனுப்பலாம். வீண் அச்சமும் தவிர்கின்றது. உண்மையான குறையும் தப்பிப்போவதில்லை.

எனினும் கருவியின் எல்லையையும் மறத்தல் கூடாது. முனை இறுக அமராது காற்றுக் கசிந்தால், தாழ்ந்த சுருதிகள் உள்ளே போனதாகப் பொய் சொல்லும். குழந்தையின் இளகிய சுவர் வண்டியிலிருந்து சில தேங்காய்களைத் திருடவும் செய்யும். ஆதலின் ஒவ்வொரு வயதுக்கும் உரிய அளவோடு ஒப்பிட்டே முடிவு கூறவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, இச்சோதனை வாயிலைப் பற்றியதேயன்றி வீட்டைப் பற்றியதன்று. ஒலி நடுச்செவியினுள்ளே சென்றது என்று அது கூறும். உள்ளத்துக்குக் கேட்டது என்று கூறாது. அதற்கு வேறு சோதனைகள் உண்டு.

நண்பருக்கு இறுதியாகச் சொன்னவை இவை. பிள்ளைகளின் நடுச்செவியில் தேங்கும் நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும். ஆதலால் வைத்தியர் பொறுத்திருந்து மறுபடி பார்ப்போம் என்று கூறினால் அஃது அசட்டையன்று. வற்றாது நீடித்துக் கேள்வியும் குறைந்திருந்தால், பறையில் மிகச் சிறிய குழாய் ஒன்றை வைக்கும் சத்திர சிகிச்சை உண்டு. வீட்டிலே எவரும் புகைபிடித்தல் கூடாது. அப்புகையும் இந்நோய்க்குத் துணைபோவது. பாட்டிமார் சொல்லும்படி காதினுள் எண்ணெய் விடுவதாற் பயனில்லை. பறை முழுதாயிருந்தால் எண்ணெய் அதனைக் கடந்து செல்லாது. ஓட்டை இருந்தாற் கேடு செய்யும். அதுவரை பையனை வகுப்பில் முன் வாங்கில் இருத்தும்படி ஆசிரியையிடம் கேட்கவேண்டும். வீட்டிலே அடுத்த அறையிலிருந்து கூப்பிடாமல், அருகே சென்று முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, "அடித்துவிட்டேனே, மாஸ்ரர்" என்று மட்டும் மீண்டும் ஒருமுறை சொன்னார். அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சென்ற வாரம் தந்தையும் மகனும் வந்தனர். புதிய கடதாசியில் மலை எழுந்திருந்தது. பெரிய மலையன்று, நம் ஊர் மணற்றிட்டி அளவினதுதான், எனினும் எழுந்திருந்தது. பழக்கம் விடாத தந்தை, மகனின் முகத்தருகே குனிந்து, "மாஸ்ரருக்கு வணக்கம் சொல்லு" என்று உரத்துக் கூறினார்.

பையன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். "ஏனப்பா இப்படிக் கத்துகிறீர்கள்?" என்றான்.